இயேசுவின் வருகையும் நம் ஆயத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர்களுக்கு வேதபாட வகுப்பு எடுப்பவர்களிடம் வருகையைப் பற்றிய கேள்விகள் வராத மாதமே கிடையாது. எங்காவது போர் மூண்டால், நிலம் நடுங்கினால், புதிய நோய் ஒன்று பரவினால் அந்தக் கேள்விகள் பெருகும். பெரும்பாலானோர் பயத்தோடுதான் கேட்கிறார்கள். ஆதித் திருச்சபை ஏங்கிக் காத்திருந்த ஒரு நாளை நம் பிள்ளைகள் நடுக்கத்தோடு நினைக்கும்படி ஆகிவிட்டதே என்பது என் வேதனை. அதனால்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன். நான் புராட்டஸ்டண்ட் திருச்சபையைச் சேர்ந்தவன். மற்ற சபைகள் வேறுவிதமாக நம்பும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கிறிஸ்தவர்கள் எல்லோருமே இயேசு திரும்ப வருவார் என்று நம்புகிறார்களா?

ஆம். 4ஆம் நூற்றாண்டில் உருவான நிசேயா விசுவாசப் பிரமாணம், அவர் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க மகிமையோடே திரும்ப வருவார், அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்று அறிக்கையிடுகிறது. கத்தோலிக்கரும், ஆர்த்தடாக்ஸ் சபையாரும், தென்னிந்தியத் திருச்சபையாரும், லுத்தரன் சபையாரும் இதை இன்றும் சொல்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசப் பிரமாணத்தை ஆராதனையில் சொல்லும் வழக்கம் பொதுவாக இல்லை. ஆனால் வருகையைப் பற்றி அவர்களைப் போல் அடிக்கடி பிரசங்கிப்பவர்களும் இல்லை. கிறிஸ்து மரித்தார், உயிர்த்தெழுந்தார், மீண்டும் வருவார் என்று திருவிருந்து ஆராதனையில் சபையார் ஒரே குரலில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இயேசு வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு, தேவன் எல்லாவற்றையும் புதிதாக்குவார். இந்த நான்கில் சபைகளுக்குள் பிரிவினை இல்லை. எது முதலில், எது பிறகு என்ற வரிசையில்தான் கருத்து வேறுபாடு.

அவர் எப்போது வருவார்?

தெரியாது. தூதர்களுக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது, பிதா ஒருவருக்கே தெரியும் என்று இயேசுவே சொன்னதாக மாற்கு 13:32 சொல்கிறது. உயிர்த்தெழுந்த பிறகும் சீஷர்கள் விடாமல் கேட்டார்கள். காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல என்ற பதில்தான் கிடைத்தது.

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நாள் குறிக்கிறார்களே?

இது நேற்று தொடங்கிய பழக்கம் அன்று. 2ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய துருக்கியில் இருந்த பிரிகியா நாட்டில், தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்ட மொந்தானுவைப் பின்பற்றியவர்கள் புதிய எருசலேம் தங்கள் பகுதியிலுள்ள பெப்பூசா என்ற ஊரில் இறங்கும் என்று காத்திருந்தார்கள்.

மிகவும் அறியப்பட்ட நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. வில்லியம் மில்லர் நியூயார்க் மாநிலத்து விவசாயி, பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர், நேர்மையான மனிதர். தானியேல் 8ஆம் அதிகாரத்தில் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாக எண்ணி, 1843 அளவில் இயேசு வருவார் என்று கணித்தார். அந்தக் காலம் கடந்தபின் அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். கடைசியில் அவரும் அதை ஏற்றுக்கொண்டார். ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். சிலர் வயலில் விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டுவிட்டார்கள். தோண்டினால் விசுவாசக் குறைவாகிவிடுமே என்ற எண்ணம். அந்த இரவு கடந்தது. பொழுது விடியும்வரை அழுதோம் என்று ஹைரம் எட்சன் என்பவர் பின்னர் எழுதினார். சிதறிப்போன அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியினர் வேதத்தைத் திரும்பப் படித்து 1863இல் ஏழாம் நாள் அட்வெந்து சபையாக அமைந்தார்கள். வருகையை ஆவலோடு எதிர்பார்க்கும் அந்தச் சபை இன்று நாள் குறிப்பதில்லை.

நமக்குப் பக்கத்திலும் நடந்தது. தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் குருவான யுஸ்துஸ் யோசேப்பு திருவிதாங்கூரில் பெரிய எழுப்புதலுக்குக் காரணமாயிருந்தவர். அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகள் இன்றும் பாடப்படுகின்றன. 1875இல், இன்னும் ஆறு ஆண்டில் கர்த்தர் வருவார் என்ற அறிவிப்பை அவர் ஏற்றார். 1881 வந்தது, கர்த்தர் வரவில்லை. அவரோடு இருந்தவர்களில் பலர் பழைய சபைக்குத் திரும்ப, மீதியானவர்கள் யுயோமயம் என்ற தனிச் சமூகமாக ஒதுங்கினார்கள்.

தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று அறிவித்த லீ ஜாங் ரிம்மின் கதை வேறுவகை. குறித்த நாளுக்குப் பிறகு முதிர்ச்சியடையும் கடன் பத்திரங்களில் அவர் பணம் போட்டிருந்தது வெளிவந்து, மோசடிக்காகச் சிறை சென்றார். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். பிறகு அக்டோபர் 21 என்றார். சேமிப்பையெல்லாம் விளம்பரத்துக்குக் கொட்டியவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். மறு ஆண்டு அவர், நாள் குறித்தது பாவம் என்று எழுதி மன்னிப்புக் கேட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தக் குடும்பங்களின் பணம் திரும்பி வரவில்லை.

இவர்களில் பலர் வேதத்தை நேசித்தவர்கள். அதுதான் எனக்குப் பெரிய எச்சரிக்கை. பக்தியும் கணக்கும் சேர்ந்துவிட்டால், "உங்களுக்கு அடுத்ததல்ல" என்ற வசனம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் கண்ணில் படாது.

போர்களும் பூகம்பங்களும் கடைசிக் காலத்தின் அடையாளங்கள்தானே?

மத்தேயு 24ஐ முதல் வசனத்திலிருந்து படியுங்கள். சீஷர்கள் எருசலேம் தேவாலயத்தின் பிரமாண்டமான கட்டடங்களைக் காட்டுகிறார்கள். இங்கே ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார் இயேசு. ஒலிவமலையில் உட்கார்ந்திருக்கையில், இது எப்போது நடக்கும் என்று அவர்கள் கேட்கிறார்கள். பதிலின் ஒரு பகுதி அந்தத் தேவாலயத்தைப் பற்றியது, கி.பி. 70இல் தீத்துவின் ரோமப் படை அதைத் தரைமட்டமாக்கியது. இன்னொரு பகுதி அவருடைய வருகையைப் பற்றியது. எந்த வசனம் எதைச் சேர்ந்தது என்பதில் நல்ல வேத அறிஞர்களே ஒத்துப்போவதில்லை.

யுத்தங்களைப் பற்றிச் சொன்ன கையோடு இயேசு என்ன சொல்கிறார்? "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்." முடிவு உடனே வராது என்றும், இவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்றும் சொல்கிறார். செய்தித்தாளைப் பார்த்துக் கலங்கிவிடாதீர்கள் என்பதற்காகச் சொன்ன வார்த்தைகளையே கலக்கம் உண்டாக்கப் பயன்படுத்துவது எவ்வளவு தவறு!

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கொளச்சலிலும் வேளாங்கண்ணியிலும் கடல் கொண்டுபோனவர்களில் முந்தின நாள் ஆலயத்துக்குப் போய்வந்தவர்கள் எத்தனையோ பேர். உடல்களை அடக்கம் செய்து முடிக்கும் முன்பே, இது தேவ கோபம், கடைசிக் கால அடையாளம் என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதில் சொன்னவர் இயேசு (லூக்கா 13:4, 5). கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். இறந்தவர்களைக் குறித்து ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுப் போனால் நல்லது.

1948இல் இஸ்ரேல் நாடு உருவானதே, அதுதான் துளிர்த்த அத்திமரம் என்கிறார்களே?

அத்திமரம் துளிர்க்கும்போது கோடை சமீபம் என்று அறிவீர்கள், இவையெல்லாம் நடக்குமுன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று மத்தேயு 24இல் இயேசு சொல்கிறார். அத்திமரம் இஸ்ரேல், ஒரு சந்ததி 40 ஆண்டு என்று வைத்து 1988 என்று கணக்கிட்டவர்கள் பலர். அந்த ஆண்டு கடந்தபின் சந்ததியை 70, 80 ஆண்டு என்று நீட்டினார்கள். இதே உவமையை எழுதும் லூக்கா, அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள் என்று எழுதுகிறார் (21:29). எல்லா மரங்களும் என்றால் அங்கே ஒரு தேசத்தின் கணக்குக்கு இடமில்லை. யூத மக்களுக்குத் தேவனுடைய திட்டத்தில் இடம் உண்டு என்று ரோமர் 11ஐ வைத்து நான் நம்புகிறேன். ஆனால் அதைக் கொண்டு இன்றைய அரசு ஒன்றின் ஒவ்வொரு போரையும் நியாயப்படுத்துவதும், அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழும் அரபுக் கிறிஸ்தவர்களை மறந்துவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை.

இரகசிய வருகை என்றால் என்ன? எல்லாச் சபைகளும் அதை நம்புகின்றனவா?

இல்லை. உபத்திரவம் என்னும் கொடிய துன்பக் காலத்துக்கு முன்பே இயேசு தம் சபையை இரகசியமாக எடுத்துக்கொள்வார், அதன்பின் ஏழு ஆண்டு உபத்திரவம், அதன் முடிவில் எல்லோரும் காணும்படி பகிரங்க வருகை என்ற வரிசை 1830களில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் பரவியது. அவர் பிளிமத் சகோதர சபையின் தலைவர்களில் ஒருவர். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புகளுடன் கூடிய வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. நம் ஊர்ச் சகோதர சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் இதைப் போதிக்கின்றன. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இதை ஏற்பதில்லை. லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபில் வந்தவர்களிடமும் இது சபையின் அதிகாரபூர்வமான போதனை அன்று.

நான் அதை இரண்டு வருகைகளாகப் பார்க்கவில்லை. 1 தெசலோனிக்கேயர் 4இல் ஆரவாரமும் பிரதான தூதனுடைய சத்தமும் தேவ எக்காளமும் இருக்கின்றன. அதை இரகசியம் என்று படிக்க எனக்கு வரவில்லை. ஆனாலும், இரகசிய வருகையை நம்பி உத்தமமாக வாழ்ந்து மரித்தவர்களை நான் அறிவேன். அவர்களோடு இதற்காகச் சண்டை போட மாட்டேன்.

அந்தப் பகுதி எழுதப்பட்ட சூழ்நிலையை மட்டும் எல்லோரும் கவனிக்க வேண்டும். தெசலோனிக்கேயில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் தங்களில் சிலரை அடக்கம் செய்திருக்கிறார்கள். கர்த்தர் வரும்போது எங்கள் தகப்பன் என்ன ஆவார், என் பிள்ளை என்ன ஆவான் என்ற கேள்வி. கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள்தாம் முதலாவது எழுந்திருப்பார்கள் என்று பவுல் பதில் எழுதுகிறார். "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று முடிக்கிறார். தேற்றுவதற்காக எழுதிய வார்த்தைகள் இவை. நம் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் அதற்காகவே வாசிக்கிறோம்.

ஆயிரவருட அரசாட்சி உண்மையாகவே ஆயிரம் வருடமா?

வெளிப்படுத்தின விசேஷம் 20இல் மட்டும் வருகிற செய்தி இது. வருகைக்குப் பிறகு பூமியில் நேரடியாக ஆயிரம் ஆண்டு ஆளுகை என்பது ஒரு விளக்கம். கிறிஸ்துவின் முதல் வருகை தொடங்கி இன்றுவரை நடக்கும் அவருடைய ஆளுகையைக் குறிக்கும் அடையாளம் என்பது அகுஸ்தீன் காலத்திலிருந்து மேற்கத்திய சபையில் நிலைத்த விளக்கம். சுவிசேஷம் உலகை மாற்றிய பிறகு அவர் வருவார் என்பது மூன்றாவது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். இதை வைத்து யாருடைய விசுவாசத்தையும் அளக்கக் கூடாது.

ஆதார், தடுப்பூசி, பார்கோடு: இவற்றில் எது 666 முத்திரை?

எதுவும் இல்லை. ஆனாலும் இந்தப் பயம் உண்மையானது. பார்கோடு வந்தபோது அதில் மூன்று 6 ஒளிந்திருக்கிறது என்றார்கள். மிசோரமில் கிறிஸ்தவர்கள் சிலர் 666 என்ற அச்சத்தால் ஆதார் பதிவுக்கே மறுத்தார்கள். கொரோனா காலத்தில் தடுப்பூசியைப் பற்றி அதே பேச்சு கிளம்பியது. வயதானவர்களைப் பிள்ளைகளே இதைச் சொல்லித் தடுத்த வீடுகளை எண்ணினால் இன்னும் மனம் ஆறவில்லை.

வெளிப்படுத்தின விசேஷம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பத்மு தீவில் நாடுகடத்தப்பட்டிருந்த யோவான், சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதுகிறார். சிமிர்னாவிலும் பெர்கமுவிலும் ரோமப் பேரரசரைத் தெய்வமாக வணங்கும் கோயில்கள் இருந்தன. தொழில் செய்கிறவர்கள் தங்கள் சங்கத்தின் விருந்துகளில் விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ண வேண்டிய நிலை. மறுத்தால் பிழைப்புப் போகும். 13ஆம் அதிகாரத்தில் ஒரு மிருகத்தின் முத்திரையும் 666 என்ற அதன் எண்ணும் வருகின்றன. முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்று அந்தச் சபைகளில் உரக்க வாசிக்கப்பட்டபோது, கேட்டுக்கொண்டிருந்த கன்னானுக்கும் சாயக்காரனுக்கும் அது தன் கடைத்தெருவைப் பற்றிய பேச்சாகவே இருந்திருக்கும். எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. நீரோ இராயன் என்ற ரோமப் பேரரசரின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதி அந்த எண்களைக் கூட்டினால் 666 வருகிறது. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்று இருப்பதற்கும் அந்தப் பெயரின் லத்தீன் வடிவமே காரணம் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள்.

அடுத்ததான 14ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியிலும் ஒரு பெயர் எழுதியிருக்கிறது: பிதாவின் நாமம். அதை யாரும் பச்சை குத்திய எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. யாருக்குச் சொந்தம், யாரை வணங்குகிறோம் என்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். மிருகத்தின் முத்திரையையும் அதே முறையில் படிப்பதுதான் நியாயம். தெரியாமல் ஊசி வழியாக ஏறிவிடுகிற முத்திரை எதையும் வேதம் சொல்லவில்லை. பணத்துக்காகவோ பதவிக்காகவோ மனச்சாட்சியை விற்கும்படி கேட்கப்படும் நாளில்தான் இந்த அதிகாரம் நமக்கு வேண்டும். அந்தச் சோதனை அரசு அலுவலகத்திலும் வியாபாரத்திலும் இன்றே வருகிறது.

அந்திக்கிறிஸ்து யார்?

அந்தப் பெயர் யோவானின் நிருபங்களில் மட்டுமே வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் இல்லை. அநேக அந்திக்கிறிஸ்துகள் இப்பொழுதே இருக்கிறார்கள் என்று 1 யோவான் 2:18 சொல்கிறது. 2 தெசலோனிக்கேயர் 2இல் பவுல் சொல்லும் பாவமனுஷனை வைத்து, கடைசியில் ஒருவன் எழும்புவான் என்றும் சபை நம்பி வந்திருக்கிறது. நீரோ தொடங்கி நெப்போலியன், ஹிட்லர் வரை, அதற்குப் பிறகு வந்த தலைவர்கள் பலர் வரை இந்தப் பெயர் சூட்டப்பட்டது. சூட்டியவர்கள் எல்லோருமே உறுதியாக இருந்தார்கள்.

முடிவு வருகிறது என்றால் படிப்பு, திருமணம், வீடு கட்டுவது எல்லாம் எதற்கு?

தெசலோனிக்கேயிலேயே சிலர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றித் திரிந்தார்கள். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதியது அவர்களுக்குத்தான்.

எரேமியாவைப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காகவே அவர் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கு என்கிறார் கர்த்தர். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரை போட்ட பத்திரமும் திறந்த பிரதியும் அவருடைய எழுத்தர் பாரூக்கிடம் ஒப்படைக்கப்படுகின்றன. நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். எதிரி வாசலில் நிற்கும்போது கிரயப் பத்திரத்தைப் பத்திரப்படுத்துகிற விசுவாசம் அது. இந்த தேசத்தில் இனியும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்பது தேவனுடைய வாக்கு.

1780 மே 19ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கில் பட்டப்பகலில் வானம் இருண்டது. காட்டுத் தீயின் புகை என்று இன்று சொல்கிறார்கள். அன்று பலர் நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று நடுங்கினார்கள். கனெக்டிகட் சட்டமன்றத்தின் கீழவை கலைந்தது. மேலவையையும் ஒத்திவைக்கலாம் என்றபோது அதன் உறுப்பினர் ஆபிரகாம் டேவன்போர்ட் எழுந்தார். நியாயத்தீர்ப்பு நாள் இன்று இல்லையென்றால் கலைய வேண்டியதில்லை. இன்றுதான் என்றால், என் கடமையைச் செய்துகொண்டிருப்பவனாகவே நான் காணப்பட விரும்புகிறேன், மெழுகுவர்த்திகளைக் கொண்டுவாருங்கள் என்றார். வருகையைப் பற்றிய பல பிரசங்கங்கள் எனக்கு மறந்துவிட்டன. இந்த மெழுகுவர்த்திகள் மறக்கவில்லை.

அப்படியானால் ஆயத்தமாயிருப்பது என்றால் என்னதான்?

நாள் தெரியாது என்று சொன்ன உடனே இயேசு சொல்லும் உவமைகளில்தான் பதில் இருக்கிறது. முதலாவது, எஜமான் வீட்டை ஒப்படைத்துப்போன ஊழியக்காரன். அவனுடைய வேலை ஏற்ற வேளையிலே மற்ற வேலைக்காரருக்குச் சாப்பாடு போடுவது. எஜமான் வரும்போது அவன் அப்படிச் செய்துகொண்டிருப்பதைக் கண்டால் பாக்கியவான். வாசலில் நின்று வழிபார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. பந்தி பரிமாறச் சொல்கிறார். பொல்லாத ஊழியக்காரன் செய்ததோ, எஜமான் வர நாள் செல்லும் என்று எண்ணி உடன் வேலைக்காரரை அடித்தது.

பத்துக் கன்னிகைகள் விளக்குகளோடு மணவாளனை எதிர்கொள்ளக் காத்திருக்கும் உவமையில் பலர் கவனிக்காத வசனம் ஒன்று உண்டு. மணவாளன் தாமதித்தபோது எல்லோருமே தூங்கிவிட்டார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினார்கள். அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தவில்லை. பாத்திரத்தில் எண்ணெய் இருந்தது, அவ்வளவுதான். தூக்கம் கெட்டு, பதறிக்கொண்டு இருப்பதுதான் ஆயத்தம் என்று நினைப்பவர்கள் இதை மறுபடியும் படிக்க வேண்டும். அந்த எண்ணெயை நள்ளிரவில் பக்கத்திலிருப்பவரிடம் கடன் வாங்கவும் முடியாது. தாயின் ஜெபம் பெரிய ஆசீர்வாதம். ஆனால் நான் மனந்திரும்ப வேண்டியதை என் தாய் எனக்காகச் செய்ய முடியாது.

கடைசியாக, செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும். பசித்தவன், தாகப்பட்டவன், அந்நியன், வஸ்திரமில்லாதவன், நோயாளி, சிறையில் இருப்பவன். இவர்களுக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று நியாயத்தீர்ப்பில் ராஜா சொல்லும்போது, வலதுபக்கத்தில் நிற்பவர்களும் "எப்பொழுது?" என்றுதான் கேட்கிறார்கள். நல்ல மதிப்பெண்ணுக்காகச் செய்யவில்லை, செய்தது நினைவில்கூட இல்லை. நம்முடைய கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியும் என்று நான் சொல்லவில்லை, அது கிருபை. அந்தக் கிருபை ஒருவனுக்குள் இருக்கிறதென்றால் பசித்தவனுக்கு முன்னால் அது தெரியாமல் போகாது.

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருந்தார். பெண்கள் சங்கத்தின் சிறுசேமிப்புக் கணக்கு அவர் கையில். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அந்த நோட்டை எடுத்து, வரவேண்டியது, கொடுக்க வேண்டியது, யாருக்கு மீதிச் சில்லறை தர வேண்டும் என்பது வரை எழுதி, பணத்தைத் தனித்தனியாகத் துணியில் முடிந்து வைப்பார். மனஸ்தாபம் உள்ள வீடு ஏதாவது இருந்தால் அன்றே போய் வருவார். ஏன் பாட்டி இவ்வளவு அவசரம் என்று கேட்டதற்கு, "நாளைக்கு ஆராதனை இருக்கும், இல்லாவிட்டால் அவர் இருப்பார். எதுவானாலும் கணக்கு நேராக இருக்க வேண்டும்" என்றார். அவர் மரித்த வாரத்திலும் அந்த நோட்டில் ஒரு வரி பாக்கியில்லை.

ஆகவே, கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். பேசாமல் இருக்கும் அண்ணனிடம் பேசுங்கள். மறைத்து வைத்த பாவத்தை இன்று அறிக்கையிடுங்கள். வேலைக்காரருக்கு நியாயமான கூலி கொடுங்கள். ஜெபத்தையும் வேத வாசிப்பையும் திருவிருந்தையும் விடாதீர்கள். நாளை வந்தாலும், இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து வந்தாலும் இவை மாறப்போவதில்லை.

நான் கைவிடப்படுவேனோ என்ற பயம் போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

"என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று சொன்னவர்தான் வரப்போகிறவர். நியாயாதிபதி வேறு, இரட்சகர் வேறு அல்லர். சிலுவையில் உங்களுக்காக ஆணி கடாவப்பட்ட அதே கைகளில்தான் உங்கள் தீர்ப்பு இருக்கிறது. பாவம் உறுத்துகிறது என்றால் அதை அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள்; மன்னிப்பு உண்டு. அறிக்கையிட்ட பின்னும் மாதக்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் போதகரிடம் பேசுவதோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அன்று.

குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்வது?

பள்ளியிலிருந்து வந்த பிள்ளை வீடு பூட்டியிருப்பதைக் கண்டு, அம்மாவைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார், நான் மட்டும் விடப்பட்டேன் என்று படியில் உட்கார்ந்து தேம்பி அழுதிருக்கிறது. அம்மா அடுத்த தெருவில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறார். இப்படிப்பட்ட நினைவைச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். தயவுசெய்து பிள்ளைகளுக்கு உபத்திரவக் காலத் திரைப்படங்களைப் போட்டுக் காட்டாதீர்கள். பயந்து கையைத் தூக்குகிற பிள்ளை இயேசுவை நேசிக்கக் கற்றுக்கொள்வதில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 21இலிருந்து தொடங்குங்கள்: தேவன் தம் ஜனங்களின் கண்ணீரையெல்லாம் துடைப்பார், மரணம் இனி இராது. பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுங்கள் என்று சொல்லி அணைத்துக்கொண்டவர்தான் வருகிறார் என்று சொல்லுங்கள். மீதியை வளர்ந்த பிறகு படித்துக்கொள்வார்கள்.

கர்த்தர் சீக்கிரம் வருகிறார், நிலத்தை விற்று ஊழியத்துக்குக் கொடுங்கள் என்று ஒரு ஊழியர் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். காணிக்கை உற்சாகமாய்க் கொடுப்பது. அவசரப்படுத்தி வாங்குவது அன்று. உலகம் முடியப்போகிறது என்றால் அவருக்கு அந்த நிலத்தின் பணம் எதற்கு என்று கேளுங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டாரிடமும், சபை மூப்பர்களிடமும், ஒரு வழக்கறிஞரிடமும் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த உறவையே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வருகைக்கு முன் மரித்தவர்கள் இப்போது எங்கே?

கிறிஸ்துவோடு. பவுல் பிலிப்பியருக்கு எழுதியபடி அதுவே அவருக்கு அதிக நன்மை. கத்தோலிக்கர், மரித்தவர்கள் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற நிலையையும் நம்புகிறார்கள். அட்வெந்து சபையார் உயிர்த்தெழுதல்வரை நித்திரை என்கிறார்கள். சரீரம் எழுந்திருக்கும் நாளை மூவருமே எதிர்பார்க்கிறார்கள்.

வேதத்தில் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

தானியேலிலிருந்து வேண்டாம். முதலில் 1 தெசலோனிக்கேயர் முழுவதையும் ஒரே மூச்சில் படியுங்கள், ஐந்து அதிகாரங்கள்தான். பிறகு மத்தேயு 24ஐயும் 25ஐயும் சேர்த்தே படியுங்கள்; 24ஐ மட்டும் படித்துவிட்டு மூடிவைப்பதால்தான் பாதிக் குழப்பம். அதன்பின் 2 பேதுரு 3. வெளிப்படுத்தின விசேஷத்தில் முதல் ஐந்து அதிகாரங்களையும் கடைசி இரண்டையும் முதலில் படித்துக்கொண்டு நடுவிலுள்ளவற்றுக்குப் போங்கள். சிங்காசனத்தில் யார் இருக்கிறார் என்று தெரிந்தபின் மிருகங்கள் அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. தானியேலை அதற்குப் பிறகு தொடுங்கள். தனியாகப் படிக்காமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து படியுங்கள்; முடிந்தால் வேறு சபையைச் சேர்ந்த ஒருவரையும் கூப்பிடுங்கள்.